கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட அக்கா

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில்தான் குளியல். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு அம்மா ஈரத்துணியோடு முன்னறைக்கு வருவாள். முதலில் பிள்ளையார், அடுத்து முருகன், அதற்கடுத்து அங்காளம்மன், கடைசியாக நாங்கள். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில், சாமிகளின் வரிசை முடிகிற இடத்தில்தான் எங்கள் குடும்ப ஃப்ரேம் தொங்கியது. துடைத்து முடித்ததும் சாமிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. எங்களுக்குக் கிடையாது. உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பதில் அம்மா கண்டிப்பு. ஆனால் துடைப்பதில் அவள் பாரபட்சம் பார்த்ததில்லை. துணியை நனைத்து, பாதி பிழிந்து, கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிய வழியத் துடைப்பாள். சுத்தம் என்றால் தண்ணீர் என்பது அவள் கட்சி.

ஆல்பம் வாங்காத வீட்டுக்கு அந்த ஃப்ரேம்தான் ஆல்பம். நடுவில் அப்பாவும் அம்மாவும் மாலையும் கழுத்துமாக. சுற்றிலும் கிடைத்த இடத்தில் மற்ற போட்டோக்கள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு. புதிதாக ஒன்று வந்தால் அப்பா ஃப்ரேமை இறக்கிக் கவிழ்த்துப் போடுவார். பின்பக்க ஆணிகளைக் குறடால் பிடுங்கி, அட்டையைத் தூக்கி, புதியதைச் செருகிவிட்டு மறுபடி அடித்துவிடுவார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் அவர் வெல்டர். இரும்பு கேட்டையே கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு மர ஃப்ரேம் எம்மாத்திரம்? மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் எங்கள் வீட்டு லாஃப்டுக்கு முதலில் போவது அரிசி மூட்டை. அதற்கு அடுத்தபடியாக என் சர்டிபிகேட் ஃபைலும் இந்த ஃப்ரேமும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் போகும்.

அந்த ஃப்ரேமில் இருந்தவை பெரும்பாலும் என் முகங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். படிப்பு என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் இருந்தபோதே, படிப்பு என்றால் போட்டோ என்று தெரிந்துவிட்டது. பள்ளியில் சேர போட்டோ, பஸ் பாஸுக்கு போட்டோ, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு போட்டோ, உதவித்தொகைக்கு, சாதிச் சான்றிதழுக்கு, அப்புறம் லேப் டெக்னீஷியன் டிப்ளமாவுக்கு. கேட்கிற இடத்தில் இரண்டுதான் வாங்கிக்கொள்வார்கள். ஸ்டுடியோக்காரர் ஒரு கத்தையாகத் தருவார். மிச்சத்தை எறிய அம்மாவுக்கு மனசு வராது. எல்லாம் ஃப்ரேமுக்குள் போய்விடும்.

"எலெக்சன் நோட்டீஸ் ஒட்டுன மாதிரி கீது" என்பாள் அக்கா. "எந்தப் பக்கம் திரும்புனாலும் இவ மூஞ்சிதான். இவளுக்கே ஓட்டுப் போடுங்கன்னு எழுதறது ஒண்ணுதான் பாக்கி."

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அவளைப் பள்ளியில் சேர்க்கிற வயதில் எங்களுக்கு நிலையாக ஒரு தெரு இல்லை. நிலையாக ஒரு தெரு கிடைத்தபோது அவளுக்குப் பள்ளியில் சேர்கிற வயது தாண்டிவிட்டது. பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாள். இப்போது ஏற்றுமதித் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் அவள் வரிசைக்கே அவள்தான் சூப்பர்வைசர். அவளிடம் எந்த ஆபீசும் போட்டோ கேட்டதில்லை. அதனால் ஃப்ரேமில் அவள் சின்ன வயதுப் போட்டோ ஒன்றே ஒன்றுதான்.

அதுவும் எனக்காகப் போன இடத்தில் எடுத்ததுதான். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போட்டோ வேண்டுமென்று அம்மா எங்கள் இருவரையும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். என்னை முக்காலியில் உட்காரவைத்து எடுத்தார்கள். பள்ளிக்கு வேண்டியது போக, பெரிதாகவும் ஒன்று போடச் சொன்னாள் அம்மா. முடிந்து எழுந்தபோது அந்த ஸ்டுடியோக்காரர், ரோலில் ஒன்று மிச்சம் இருக்கிறது, அந்தப் பெண்ணையும் நிற்கவையுங்கள் என்றாராம். அக்காவை நீலத் திரைக்கு முன்னால் நிற்கவைத்து, கையில் சிவப்பு பிளாஸ்டிக் டெலிபோன் ஒன்றைக் கொடுத்தார். மஞ்சள் கவுன், இரட்டைச் சடை, காதில் ரிசீவர், முகத்தில் அப்படி ஒரு அதிகாரம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "யாராண்ட பேசற?" என்று கேட்பார்கள். "கலெக்டராண்ட. லைன்ல கீறாரு, கம்முனு இருங்க" என்பாள் அக்கா.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊரப்பாக்கம், ஏசி மெக்கானிக். பேச்சில் குளிரடிக்காத மனிதர். கல்யாணத்துக்கு அவருடைய சேக்காளிகள் ஃப்ளெக்ஸ் அடிப்பதாக ஏற்பாடு. இப்போதெல்லாம் ஃப்ளெக்ஸில் பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தைகளாக இருந்த படத்தை மூலையில் போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளையின் படம் தயாராக இருந்தது. அரைஞாண் கயிறு தவிர வேறு எதுவும் போட்டுக்கொள்ளாமல் பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்திருந்தார்.

"இத்தப் போயி ஜிஎஸ்டி ரோட்ல மாட்டப் போறாங்களாம்" என்று அக்கா போனை என்னிடம் காட்டிச் சிரித்தாள். "என்னுது அனுப்பணுமாம். அந்த போன் போட்டோவ எடுத்துக் குடு."

அப்பா வழக்கம்போல ஃப்ரேமை இறக்கிக் கவிழ்த்தார். ஆணிகள் வந்தன, அட்டை வந்தது. போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தேன். கீழ்வரிசைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இடது மூலையில் நான், முக்காலியில். வலது மூலையில் அக்கா, டெலிபோனோடு. இரண்டும் வரவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிப் போயிருந்தன.

ஏன் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. கண்ணாடியில் வழிந்த தண்ணீர் எல்லாம் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து உள்ளே கசிந்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது. போட்டோவின் மேல்பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பெண்கள் இருவரும் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று அம்மா எங்களைக் கீழ்வரிசையில் வைக்கச் சொல்லியிருந்தாள். அவள் குள்ளம். அவளுக்கு வாகாக எட்டுகிற இடம் அதுதான். அதனால் அங்கேதான் அழுத்தித் துடைத்திருக்கிறாள்.

"நானா? நானா பண்ணேன்?" என்று அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "சாமி படமும் அதே தண்ணிலதானடி தொடைக்கிறேன். சாமி ஒட்டிக்கிச்சா?"

"சாமி அட்டைல அச்சடிச்சது, லாமினேசன் வேற பண்ணிருக்கு. நாங்க அப்படி இல்லம்மா."

"அப்ப இனிமே தொடைக்கக் கூடாதா? தூசி புடிச்சிகினு கெடக்கணுமா?"

"காஞ்ச துணியில தொடை."

"காஞ்ச துணில தொடைச்சா அது தொடைச்ச மாதிரியாடி?"

ஃப்ளெக்ஸ் பிரச்சினை உடனே தீர்ந்தது. கண்ணாடி வழியாகவே போனில் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் மற்றது தெரிந்தது. ஓதம் ஏறிய சுவரில் பூக்கிற உப்புப் போல வெள்ளையாக ஒரு படலம், கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. கவுனின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டு டெலிபோன் வயரைத் தொட்டிருந்தது. ஓரங்களில் சின்னச் சின்னப் பூசணப் புள்ளிகள். முகத்துக்கு இன்னும் எட்டவில்லை. இன்னொரு மழைக்காலம் தாண்டினால் எட்டிவிடும்.

அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கண்ணாடியின் மேல் கட்டைவிரலால் தன் முகத்தை ஒருமுறை தடவினாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் சும்மா இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

"அதான் போன்ல எடுத்துட்டனே" என்றேன்.

"போன்ல எடுத்தது போன்ல கீது. இது நானு." அப்புறம் என்னைப் பார்த்தாள். "எடுத்துக் குடுடி. நான் இந்த வூட்ட வுட்டுப் போறதுக்குள்ள எடுத்துக் குடு."

நான் மறுநாள் வேலை முடிந்ததும் கண்ணாடியை ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் விசாரித்தேன். அங்கிருந்தவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "தொடாதீங்க மேடம். கண்ணாடியோட ஸ்கேன் பண்ணித் தரேன், வாங்கிக்குங்க. பிரிக்கிறேன்னு இறங்குனீங்கன்னா உரிஞ்சிடும்." அவர் சொன்னதில் தப்பில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஸ்கேன் எடுத்தாயிற்று என்று பூசணம் நின்றுவிடாதே.

இரண்டு நாள் இதைப்பற்றிப் படித்தேன். பழைய ஸ்டுடியோ போட்டோக்களின் மேல்பூச்சு ஜெலட்டின். ஸ்டுடியோவில் கழுவும்போது ஏற்கெனவே தண்ணீரில் கிடந்து வந்தவைதான் அவை. சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில் பொறுமையாக ஊறவைத்தால் சில சமயம் தானாகவே விட்டுக்கொடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். சில சமயம் என்ற வார்த்தைதான் உதைத்தது.

லேபில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது கெமிக்கல் வந்தால் நேராக நோயாளியின் ரத்தத்தில் போட்டுப் பார்க்கமாட்டோம். போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சாம்பிளில் போட்டுப் பார்த்து, சரியாக வந்தால்தான் மற்றது. அக்கா போட்டோவுக்கு அப்படிப்பட்ட சாம்பிள் எது? அதே நாள், அதே ரோல், அதே காகிதம், அதே வெள்ளிக்கிழமைத் தண்ணீர். முக்காலியில் உட்கார்ந்திருந்த நான்தான்.

வீட்டில் சொன்னதும் ரகளை.

"அது ஸ்கூல்ல சேத்த போட்டோடி!" என்றாள் அம்மா. "நம்ம வம்சத்துலயே மொத மொதல்ல ஸ்கூலுக்குப் போன போட்டோ. அத்தப் போயி சாம்பிளுன்ற?"

"அம்மா, என் மூஞ்சி இன்னும் எத்தனை இருக்கு பாரு. அவளுக்கு இது ஒண்ணுதான்."

"ஆமா, இவளுது ஒரு மூட்டை கீது" என்றாள் அக்கா. "ஒண்ணு போனா நாட்டுக்கு நஷ்டமில்ல."

அப்பாவுக்கு ஊறவைப்பதில் நம்பிக்கையில்லை. பட்டறையிலிருந்து மெல்லிய பிளேடு ஒன்று கொண்டுவந்திருந்தார். "இத்த உள்ள வுட்டு நைஸா ஒரு இழுப்பு. கிளீனா வந்துடும்."

"யப்பா, அது கேட் இல்லப்பா, போட்டோ."

"சொல்றத சொல்லிட்டேன். அப்பறம் என்னாண்ட வரக்கூடாது."

சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்ட் வாட்டர் கேன்களைத் தோளில் தூக்கிவந்தவர் அவர்தான். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்பு, பக்கெட்டே வெளுத்துப்போகும். துணி ஊறவைக்கிற நீல டப்பைத் தேய்த்துக் கழுவி, கேன்களில் சிலவற்றை அதில் கவிழ்த்தோம். கண்ணாடியைச் சாய்வாகப் பிடித்து, நான் இருந்த இடது மூலை மட்டும் தண்ணீருக்குள் முங்குகிற மாதிரி செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். அக்கா இருந்த மூலை வெளியே, உயரத்தில், பத்திரமாக.

ஊற ஆரம்பித்தது. சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதையே பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கிற விஷயங்கள் ஆகாது. சாதம் கொதிக்கவேண்டும், துணி நுரைக்கவேண்டும்.

"இன்னாடி இது, ஊறுகா போட்ட மாதிரி வெச்சிகினு கீற?"

"பொறும்மா. நேரம் ஆகும்."

கொடியில் கிடந்த துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் பின்பக்கம் போனேன். என் வெள்ளைக் கோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் முன்னறையிலிருந்து அக்காவின் கத்தல். ஓடிவந்தால், அம்மா கையில் காலிச் சொம்பு. டப்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

புதுப் பாத்திரம் வாங்கினால் அதில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும். நகத்தால் சுரண்டினால் கிழியும். அடுப்பில் லேசாகக் காட்டினாலோ வெந்நீர் ஊற்றினாலோ அப்படியே முழுசாக வழுக்கிக்கொண்டு வரும். அம்மா வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் எடுத்திருக்கிறாள். ஒட்டினது எதுவானாலும் வெந்நீருக்கு அடங்கும் என்று நினைத்துவிட்டாள்.

அடங்கத்தான் செய்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் முகம் பாலாடைபோலச் சுருங்கி, காகிதத்தை விட்டு நழுவி, தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றியது. கண்கள் ஒருபக்கம், ரிப்பன் ஒருபக்கம். வெள்ளைக் காகிதம் மட்டும் தனியாக மிதந்தது.

அம்மாதான் முதலில் உடைந்தாள். "ஐயோ, எம்பொண்ணு கரைஞ்சிட்டாளே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கார அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

"இன்னாச்சு? யாருக்கு இன்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "நான்தான் கரைஞ்சிட்டேன்."

அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருத்தமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த முக்காலி, அந்த ரிப்பன், அந்த நாள் எனக்கும் பெருமைதான். ஆனால் அம்மா அழுத அழுகைக்கு முன்னால் நான் அழ இடமே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு, "ஸ்கூல்ல சேந்தது நெசம்மா. போட்டோ போனா படிச்சதெல்லாம் திரும்பப் புடுங்கிக்குவாங்களா?" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் கண்ணாடியின் இன்னொரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் பெண் மேலே, காய்ந்த இடத்தில், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்" என்றாள் அக்கா. "வுட்டுடு. பாதி பூசணத்தோட இருந்தாலும் இருக்கட்டும்."

"வெந்நீர்தான் கெடுத்துச்சு. பச்சத் தண்ணி இல்ல."

"அது உனக்கு எப்டித் தெரியும்?"

தெரியத்தான் செய்தது. நான் பின்பக்கம் போக எழுந்தபோதே என் போட்டோவின் ஒரு ஓரம் கண்ணாடியை விட்டு எழும்பியிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு நகம் அளவுக்கு. கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து, அந்த இடம் மட்டும் பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருந்தது. அங்கே படத்தின் ஒரு துணுக்குகூடக் கண்ணாடியில் தங்கவில்லை. வெந்நீர் நேராக விழாத அந்த ஓரம் காகிதத்தில் இன்னும் நிறம் போகாமல் இருந்தது. டப்பிலிருந்து காகிதத்தை எடுத்து அக்காவிடம் காட்டினேன். நீலத் திரையின் ஒரு துண்டு, அப்படியே.

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கம்பெனியில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரி" என்றாள். "ஆனா நீ தொடக்கூடாது. என் மூஞ்சி, நானே எடுக்கறேன். எப்ப எடுக்கணும்னு மட்டும் சொல்லு."

டப்பைக் கழுவி, மிச்சக் கேன்களிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றினோம். இந்த முறை அம்மாவைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. வாசற்படியில் உட்காரவைத்து, ஒரு முறம் நிறைய அவரைக்காயைக் கொடுத்து, அப்பாவைக் காவல் போட்டோம். பிளேடையும் அவரிடமிருந்து பிடுங்கிவைத்தோம்.

"நான் இன்னா குத்தவாளியா?" என்று அங்கிருந்து ஒரு குரல்.

"பெயில்ல கீற" என்றார் அப்பா.

நேரம் போனது. தண்ணீர் கலங்கியபோது ஒருமுறை மாற்றினேன். கூரையில் வெயில் ஏறி முன்னறை அனலாகத் தொடங்கியது. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு டப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஓரம் மங்கலாக ஆனதும் சொன்னேன். அவள் விரலை வைக்கவில்லை; தண்ணீரை மட்டும் கையால் மெதுவாக அலைத்தாள். அலை போய் ஓரத்தில் தட்டத் தட்ட, ஓரம் இன்னும் கொஞ்சம் எழும்பியது. நீலத்திரை விட்டது. இரட்டைச் சடை விட்டது. நெற்றியும் ஒரு கன்னமும் விட்டன. மற்ற கன்னம் வரவில்லை.

"இழுக்காத."

"நான் எங்கடி இழுக்கறேன்? கம்முனு இரு."

மறுபடி அலைத்தாள். அதுவாக வரட்டும் என்று விட்டு விட்டு அலைத்தாள். கடைசியில் முகம் முழுதும் கண்ணாடியை விட்டு விலகி, தண்ணீரின் மேல் ஆடியது. கவுனின் கீழ்மடிப்பு மட்டும் விடவில்லை. அது பூசணம் தின்ற இடம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அக்கா இரண்டு கையையும் அடியில் கொடுத்து ஏந்தி எடுத்தாள். கவுனின் ஓரமும் டெலிபோன் வயரின் நுனியும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. மற்றபடி அவள் முழுசாக வந்துவிட்டாள்.

"வந்துட்டா!" என்று நான் கத்தியதும் பெயிலில் இருந்தவள் முறத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தாள்.

அடுத்தது காயவைப்பது. வெயில் கூடாது, ஃபேன் காற்றும் கூடாது, ஒரு தூசி விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணி விரித்து, முகம் மேலே பார்க்கும்படி கிடத்தி, ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். தாம்பரத்து மத்தியானத்தில் ஃபேன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று எழுதிக்காட்ட முடியாது. எல்லாரும் வேர்த்து ஊற்ற, ஒரு போட்டோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"கரண்டு போச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இல்லக்கா, அக்கா காயறா."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். ஃப்ளெக்ஸ் மாதிரியைக் காட்டவேண்டுமென்று ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்திருந்தார். வந்ததும் நேராகப் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டப் போனார். மூன்று பேர் ஒரே குரலில் கத்தினோம். கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

"இன்னா அத்த, ஏசி போடறவனுக்குப் பொண்ணு குடுத்துட்டு ஒரு ஃபேன் காத்துகூடக் குடுக்கமாட்றீங்க?"

அம்மா காலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். வெந்நீர் கட்டம் வந்தபோது குரலைத் தாழ்த்தி வேகமாகத் தாண்டிவிட்டாள். அவர் குனிந்து ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். சட்டைக் காலரால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "சூப்பரா கீது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, இத்த நல்லா ஃப்ரேம் போட்டுக் குடு. நம்ம வூட்டு ஹால்ல மாட்டிடலாம். நுழைஞ்சதும் தெரியணும்" என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கியது. பெண்ணையே அனுப்புகிறோம், படத்தை எப்படி மறுப்பது என்று நினைத்திருப்பாள். அக்காவுக்கு இது தன் படம். எடுத்துக்கொண்டு போவதற்காகத்தான் எடுக்கச் சொல்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அக்கா போட்டோவின் மேல் ஒரு கொசு உட்காராமல் கையால் வீசினாள்.

"அங்க ஸ்கேன் பண்ணத மாட்டிக்கலாம்" என்றாள். "இது இங்கதான் இருக்கும்."

"ஏன்?" என்றார் மாப்பிள்ளை.

"அங்க இனிமே எத்தினியோ எடுப்போம். நம்ம கல்யாணத்துக்கே ரெண்டு கேமராவாம். இங்க நான் சின்னப் பொண்ணா இருந்ததுக்கு இது ஒண்ணுதான கீது? இத்தையும் நான் தூக்கிகினு போயிட்டா, இந்த வூட்ல இவ மட்டும்தான் பொறந்து வளந்த மாதிரி ஆயிடும்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே தேவையில்லாமல் பாத்திரங்கள் உருண்டன.

போட்டோ நன்றாகக் காய்ந்தபோது அப்பளம்போல நான்கு பக்கமும் சுருண்டுகொண்டது. இரண்டு வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவில் வைத்து, மேலே என் டிப்ளமா புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் அழுத்திவைத்தேன். கண்ணாடி படாதபடி சுற்றிலும் தடித்த அட்டை வைத்து, அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு ஃப்ரேம் போட்டோம். ஒரு ஃப்ரேம் முழுக்க அவள் ஒருத்தி மட்டும் இருப்பது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. சாமி வரிசையில் வேண்டாம், அது குளியலறையை ஒட்டிய சுவர், ஓதம் ஏறும் என்று நான் சொல்லிவிட்டதால், எதிர்ச்சுவர் முடிவாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு அப்பா ஸ்டூலில் ஏறி, ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

"இங்கியா?"

"கொஞ்சம் கீழ" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியவேணாமா?"

"மேல" என்றாள் அக்கா. "உனக்குக் கை எட்டக்கூடாது."

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடுவில் ஒரு இடத்தில் ஆணியை அடித்தார். அக்கா வாசற்படி வரை பின்னால் போய், அங்கே நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது என்று அவள் இடுப்பில் கைவைத்த விதத்திலேயே தெரிந்தது.

"ஊரப்பாக்கம் இன்னா அமெரிக்காவா?" என்றாள். "ரயில் ஏறுனா வந்துடுவேன். வந்ததும் மொதல்ல இங்கதான் பாப்பேன். எடத்த மாத்துனீங்க, அவ்ளோதான்."